கோலம் போடாத தெரு

முன்னொரு காலத்தில் செங்காட்டூரை குணதீரன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தூக்கம் போடாவிட்டால், கண்ணில் பட்டவனையெல்லாம் நாடு கடத்துவான். சாயங்காலம் அவனே திரும்பக் கூப்பிட்டுக்கொள்வான்.

அரண்மனை வாசலில் அவன் ஒரு வெண்கல மணி கட்டியிருந்தான். யார் வீட்டில் எது திருடு போனாலும் வந்து அடிக்கலாம். மணிக்குக் காவல் மாசாணம் என்பவன். வெள்ளிக்கிழமைதோறும் தெருத்தெருவாகப் போய், "குறை உண்டா?" என்று கேட்பதும் அவன் வேலை. உண்டு என்றவரைக் கூட்டி வந்து, கயிற்றைக் கையில் கொடுக்க வேண்டும்.

ஒரு வருஷமாக மணி அடிக்கவே இல்லை. ராஜாவுக்குத் தூக்கமும் கெடவில்லை.

"எல்லாம் என் காவல் திறமை, அரசே!" என்று மீசையைத் தடவினார் காவல் தலைவர் ரணசிங்கம். "இந்த ஊரில் திருடன் என்ற சொல்லே மறந்துபோய்விட்டது. மந்திரியார் மட்டும்தான் நம்ப மாட்டேன் என்கிறார்."

மந்திரி அம்பலவாணர் மீது அவருக்கு நெடுநாள் பொறாமை.

"ஒரு வருஷம் ஒரு செம்புகூடத் தொலையாத ஊரை நான் கேள்விப்பட்டதில்லை, அரசே" என்றார் மந்திரி.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "அப்படியா? நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. அதற்குள் ஒரே ஒரு திருட்டைக் காட்டும். காட்டாவிட்டால் உம்முடைய தலைப்பாகை ரணசிங்கத்தின் தலைக்குப் போகும்!"

ரணசிங்கம் அப்போதே தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மந்திரி பாய்க்காரத் தெருவுக்குப் போனார். வீடு வீடாகக் கேட்டார்.

"ஒண்ணும் போகலீங்க" என்றாள் ஒருத்தி, வெறும் கோழிக்கூட்டைப் பார்த்தபடி.

"எங்க தெருவுல அதெல்லாம் கிடையாதுங்க" என்றார் ஒருவர். அவர் வீட்டுக் கிணற்று ராட்டினத்தில் கயிறு இல்லை.

கடைசி வீட்டில் செங்கமலம் என்ற இளம்பெண் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் ஒரு காலில் வெள்ளிக் கொலுசு. இன்னொரு காலில் இல்லை.

"இன்னொன்று எங்கே அம்மா?"

அவள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். "ஐயா, போன வெள்ளிக்கிழமை மாசாணம் வந்து தண்ணி கேட்டாரு. எடுத்துட்டு வர்றேன், அவர் கை தொட்டிலுக்குள்ள இருக்கு. என்னைப் பார்த்துட்டுச் சிரிச்சாரு. 'பிள்ளையைப் பத்திரமா பாத்துக்கம்மா'ன்னு சொல்லிட்டு, தண்ணியையும் குடிச்சிட்டுப் போனாரு."

"மணி அடிக்கவில்லையா?"

"கயிறு அவர் கையிலதானே இருக்கு?"

மந்திரி வாசற்படியில் உட்கார்ந்தார்.

"நான் ஒருத்தி சொன்னா, பொய்யின்னுருவாங்க. வெள்ளிக்கிழமை அவர் மறுபடி வருவாரு. தெருவுல எல்லாருக்கும் போயிருக்கு, எல்லாருக்கும் பயம்." அவள் தொட்டிலை இன்னொரு தடவை ஆட்டிவிட்டாள். "ஆனா ஐயா, வாசல்ல கோலம் போடலைன்னா யாரும் தண்டிக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டார்கள். ஏன்?"

அவள் சொன்னாள். மந்திரி சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். மறுநாள் ஆற்றுப் படித்துறையில் செங்கமலம் துவைத்த துணி கொஞ்சம், பேசிய பேச்சு அதிகம்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மார்கழி மாதம். ராஜா வழக்கம்போல் பல்லக்கில் கோயிலுக்குப் புறப்பட்டான். முன்னால் மாசாணம் கட்டியம் கூறி நடக்க, பக்கத்தில் ரணசிங்கமும் மந்திரியும். ஊரெல்லாம் கோலமும் பூசணிப்பூவுமாக இருந்தது. பாய்க்காரத் தெரு திரும்பியதும் ராஜா திடுக்கிட்டான். ஒரு வாசலிலும் கோலம் இல்லை.

"நிறுத்து! சாவு விழுந்த வீட்டில்தானே கோலம் போட மாட்டார்கள்? தெரு முழுக்கவா? ரணசிங்கம், கொள்ளைநோயா?"

"சோம்பேறிப் பெண்கள், அரசே!"

"முப்பது வீட்டிலுமா ஒரே நாளில் சோம்பல் வந்தது?" என்றார் மந்திரி. "இறங்கித் துக்கம் விசாரிப்பதுதான் முறை."

ராஜா இறங்கினான். "யார் தவறிப்போனது?"

வாசல்தோறும் பெண்கள் வந்து நின்றார்கள். மாசாணம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். செங்கமலம் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"எங்க வீட்ல ஒரு கொலுசு, மகாராசா. போன வெள்ளிக்கிழமை."

"எங்க வீட்ல ரெண்டு கோழி" என்றது ஒரு குரல். "அதுவும் வெள்ளிக்கிழமைதான்."

"எனக்குச் செம்பு! தண்ணி கேட்டாரேன்னு உள்ள போனேன்..."

"எனக்கும் தண்ணிதான் கேட்டாரு!"

பிறகு தெருவே பேசியது. மாசாணம் மெல்லப் பின்வாங்கினான். பின்னால் பல்லக்கு நின்றது.

"கூடிப் பேசி வைத்துச் சொல்கிறார்கள், அரசே!" என்று கத்தினார் ரணசிங்கம். "குறை இருந்தால் மணி அடித்திருக்க மாட்டார்களா?"

"நாமே போய் அடித்துப் பார்க்கலாமே" என்றார் மந்திரி.

ராஜா அரண்மனை வாசலுக்குத் திரும்பி, தன் கையாலேயே கயிற்றை இழுத்தான். சத்தம் இல்லை. ஓங்கி இழுத்தான். மணிக்குள்ளிருந்து ஒரு சிட்டுக்குருவி பறந்து போனது. அண்ணாந்து பார்த்தால், மணியின் நாக்கையே காணோம்.

மாசாணத்தின் வீட்டு நெற்குதிருக்குள் செம்பும் கொலுசும் கிடைத்தன. மணியின் நாக்கை மட்டும் அவன் எப்போதோ பாத்திரம் வார்க்கும் கன்னாரிடம் விற்றுவிட்டான். அது உருகிக் கரண்டியாகி, அரண்மனைச் சமையலறைக்கே வந்து சேர்ந்திருந்தது.

"ஒரு வருஷமாக உம்முடைய காவலில் இருந்த மணி!" என்றான் ராஜா. ரணசிங்கத்தின் மீசை தானாகத் தொங்கியது. "மாசாணம் சிறைக்குப் போகட்டும். இனி வெள்ளிக்கிழமைதோறும் தெருத்தெருவாகக் குறை கேட்டுப் போவது நீர். குடிக்கத் தண்ணீரும் நீரே கொண்டு போம்! செங்கமலம், உனக்கு என்ன வேண்டும்?"

"மணியை எங்க தெரு முனையில கட்டுங்க, மகாராசா. கயிறு எட்டுற உயரத்துல."

கட்டினார்கள். முதல் நாளே பதினொரு தரம் அடித்தது. தூக்கம் கெட்ட ராஜா மந்திரியை நாடு கடத்தி, சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டான். மணியை மட்டும் அவிழ்க்கச் சொல்லவில்லை.

அத்தனை சத்தத்திலும் செங்கமலத்தின் குழந்தை, இரண்டு காலிலும் கொலுசோடு, தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.