குதித்து இறங்கிய மஞ்சள் விமானம்

கேப்டன் பாக்கியநாதன் முப்பது வருடம் பெரிய பயணிகள் விமானங்களை ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய மஞ்சள் விமானத்தை ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். ஒருகாலத்தில் விமானப்படை தன் புதிய ஆட்களைப் பழக்கிய இரண்டு சீட்டு விமானம் அது. கற்றுக்கொடுத்த மெகருன்னிசா அவருடைய மகளைவிட இரண்டு வயதுதான் மூத்தவர்.

மேலே ஏறிவிட்டால் அது சாது. இறங்கும்போதுதான் குதிக்கும்.

"எவ்வளவு பெரிய விமானமெல்லாம் சொன்னபடி கேட்டுச்சு மேடம். இது மட்டும் ஏன் இப்படிப் பண்ணுது?"

"நீங்க கேப்டன்னு அதுக்குத் தெரியாதுங்க சார்."

கோவைக்கு வெளியே நடந்த விமானக் காட்சியில் கடைசி நிகழ்ச்சி அவர்களுடையது. முன் சீட்டில் பாக்கியநாதன், பின் சீட்டில் மெகருன்னிசா. பாக்கியநாதன் வட்டமடித்தார், சாய்ந்து திரும்பினார், கூட்டத்துக்கு முன்னால் தாழப் பறந்தார். எல்லாம் நன்றாகவே அமைந்தது.

இறங்கும்போது பக்கக் காற்று பிடித்துக்கொண்டது. சக்கரம் தரையில் பட்டதும் விமானம் எம்பியது. எம்பி எம்பி விழுந்தது. பாக்கியநாதன் எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளி மறுபடி மேலே ஏற்றினார்.

ஒலிபெருக்கியில் குரல் கேட்டது. "பாருங்க! அந்தக் காலத்துல புதுசா பழகறவங்க எப்படி எறங்குவாங்கன்னு கேப்டன் செஞ்சு காட்டறாரு!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. இரண்டாம் முறை ஒழுங்காக இறங்கினார்.

இருவரும் விமானத்தை விட்டு இறங்கி வந்தபோது என்.சி.சி. சீருடையில் ஒரு பெண் வேலியோரம் நின்றிருந்தாள்.

"சார், அடுத்த வாரம் எங்களுக்கு விமானம் ஓட்டற பயிற்சி ஆரம்பிக்குதுங்க. அந்தக் குதிச்சு எறங்கறது எப்பங்க சார் சொல்லித் தருவாங்க?"

பாக்கியநாதன் சிரித்து வைத்தார். அதற்குள் மேடையிலிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் மெகருன்னிசா பக்கம் திரும்பினார்.

"மைக்ல என்ன சொல்லட்டும் மேடம்?"

"எத்தனை தடவை குதிச்சுதுங்க சார்?"

"ரெண்டு தடவை."

மெகருன்னிசா தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"பின் சீட்டுல எனக்கு மூணு தடவை தூக்கிப் போட்டுதுங்க."

பாக்கியநாதன் மேடைக்குப் போனார். "நான் செஞ்சு காட்டல. தப்பா எறக்கினேன். மூணு தடவை குதிச்சுது. யாரும் அப்படி எறக்காதீங்க," என்றார்.

அங்கங்கே சிலர் கை தட்டினார்கள். மற்றவர்கள் வண்டி நிறுத்திய பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் மட்டும் விமானத்தின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாக்கியநாதன் திரும்பி வந்து இறக்கையோரம் நின்றார்.

"முப்பது வருஷம் சம்பாதிச்ச பேரு மேடம். ஒரு நிமிஷத்துல போயிடுச்சு. இனிமே நான் என்ன பண்ணணும்?"

மெகருன்னிசா ஓடுதளத்தின் ஓரத்தில் இருந்த காற்றின் திசை காட்டும் துணிப் பையைப் பார்த்தார். அது இன்னும் பக்கக் காற்றில் விறைத்து நின்றது.

"காத்து அடங்கறதுக்குள்ள வாங்க சார். இன்னொரு தடவை எறக்கிப் பாக்கலாம்."