பூசணிக் கொடிக்குள் போன அக்கா

முன்னொரு காலத்திலே, மலையடிவாரத்திலே ஒரு குட்டி நாடு. குட்டி என்றால், ராஜா ஏப்பம் விட்டால் எல்லையில் கேட்கும். அந்த ராஜாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் செண்பகவல்லி, இளையவள் குயிலி.

கோரைமுடி என்றொரு மந்திரவாதி மூத்தவளைப் பெண் கேட்டு வந்தான்.

"முதல்ல தலையைச் சீவிட்டு வாங்க" என்றாள் செண்பகவல்லி. சபையே சிரித்தது.

அவனுக்கு வந்ததே கோபம். ஒரு பிடி சாம்பலை எடுத்து ஊதினான். அவள் நின்ற இடத்தில் ஒரு பூசணிக் கொடி படர்ந்தது.

"இந்தக் கொடியில ஒரு காய் காய்ச்சா அவ வெளியே வருவா. மார்கழி முடியறதுக்குள்ள காய்க்கலேன்னா அவ எனக்குப் பொண்டாட்டி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ராஜா தண்ணீர் ஊற்றினார். ராணி பால் ஊற்றினாள். மந்திரி, யாரும் கேட்காமலே, மோர் ஊற்றினார். கொடி பூத்தது. சில பூக்களின் அடியில் கோலிக்குண்டு போல ஒரு பிஞ்சு. மற்றவை நீளக் காம்போடு வெறுமனே நின்றன.

'பிஞ்சில்லாத பூ எதற்கு? கொடியின் சத்தைத் தின்கிற சோம்பேறிகள்' என்று நினைத்தாள் குயிலி. விடிந்ததும் அவற்றையெல்லாம் பறித்து, வாசல் கோலத்தில் சாணி உருண்டை மேல் செருகிவிடுவாள். மார்கழிக் கோலத்துக்குப் பூவும் ஆயிற்று.

ஆனால் பிஞ்சுப் பூ பூத்தது, சிரித்தது, வாடி உதிர்ந்தது. மறுநாளும் பூத்தது, சிரித்தது, வாடி உதிர்ந்தது.

மார்கழியின் கடைசிக் காலை. கொடியில் ஒரே ஒரு பிஞ்சுப் பூதான் மிச்சம். குயிலி கோலத்தில் பூச் செருகும்போது, பூவுக்குள்ளிருந்து ஒரு தேனீ தலை நீட்டியது.

"ஏன் தாயி, தினமும் எங்க பிழைப்பில மண்ணைப் போடறே?"

"இது காய்க்காத பூதானே?"

"காய்க்காதுதான். உங்கப்பா பிள்ளை பெத்தாரா? அதுக்காக அவரைச் சாணியில செருகிடுவியா?"

குயிலிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"இது ஆண் பூ" என்றது தேனீ. "நடுவில தூண் மாதிரி நிக்குதே, அதுல இருக்கிற மஞ்சப் பொடிதான் மகரந்தம். பிஞ்சு வச்சிருக்கறது பெண் பூ. அதோட நடுவில இருக்கிற சூல்முடி பிசுபிசுன்னு இருக்கும். இந்தப் பொடி அங்க ஒட்டினாத்தான் பிஞ்சு காயாகும். தேன் குடிக்கப் போற சாக்குல நாங்கதான் சுமக்கறோம். நீ அத்தனையும் பறிச்சிட்டா எதைச் சுமக்கறது?"

"இப்பவே கொண்டு போயேன்."

"பனியில இறக்கை நனைஞ்சு கிடக்கேன். வெயில் ஏறினா அந்தப் பூ மூடிக்கும். நீயே ஓடு."

அதற்குள் கோரைமுடி கல்யாண மாலையோடு வந்துவிட்டான். "நல்லாப் பறிம்மா. என் மந்திரத்துல பாதி உன் கோலம்தான்" என்று சிரித்தான்.

குயிலி ஆண் பூவை எடுத்துக்கொண்டு ஓடினாள். இதழ்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்தத் தூணால் பெண் பூவின் சூல்முடியைத் தொட்டாள், தடவினாள், மெல்லத் தட்டினாள். மாயக் கொடி ஆயிற்றே, காத்திருக்குமா? பிஞ்சு எலுமிச்சை ஆனது, தேங்காய் ஆனது, தேர்ச் சக்கரம் ஆனது. படாரென்று வெடித்தது. மூக்கெல்லாம் மஞ்சள் பொடியோடு அக்கா வெளியே வந்து தும்மினாள்.

தோற்றுப்போன மந்திரம், செய்தவன் மேலேயே திரும்பியது. கோரைமுடி கருவண்டாகிப் போனான். தேனீ அவனை வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. "ஆண் பூவில ஏறு, பெண் பூவில இறங்கு. தாமதமா வந்தா தேன் கிடையாது."

அன்றிலிருந்து அந்த நாட்டில், கொடிக்கு வேண்டிய ஆண் பூவை விட்டுவிட்டுத்தான் கோலத்துக்குப் பறிக்கிறார்கள். அவர்கள் கொடி காய்த்தது, குடி தழைத்தது. கதை கேட்ட உங்கள் வீட்டுக் கொடியும் காய்க்கட்டும்.