விசிலுக்கு ஓடிய மெஷின்

உலகத்தில் எந்த மெஷின் மௌனமானாலும் பேச வைத்துவிடுவார் சர்வீஸ் இன்ஜினியர் ஞானசிகாமணி. அதை அவரே சொன்னால்தான் நமக்குத் தெரியும். அவரும் சொல்லாமல் விட்டதில்லை.

அன்றைக்குத் திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றில் டச் ஸ்கிரீனுக்கும் மெஷினை ஓட்டுகிற பி.எல்.சி. என்ற கன்ட்ரோல் பெட்டிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. ஸ்கிரீனில் விரல் வைத்தால்தான் மோட்டார் சுற்றும், சூடு ஏறும். அதுவோ 'தொடர்பு இல்லை' என்று சிவப்பாகக் காட்டிக்கொண்டு நின்றது. உள்ளே மெரூன் சாயத்தில் துணி அசையாமல் ஊறிக் கிடந்தது. இன்னொரு லாட் துணி திட்டுத்திட்டாக வந்தால் வேறு மாஸ்டரைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. டையிங் மாஸ்டர் பொங்கியண்ணன் உடனே சர்வீஸுக்குப் போன் போட்டார்.

ஞானசிகாமணி வந்தார். பேனலைத் திறந்தார், தளர்ந்திருந்த ஒயர் ஒன்றைப் போகிற போக்கில் அமுக்கினார், பக்கத்திலேயே தன் லேப்டாப்பைச் சொருகினார், நாற்காலி கேட்டார். டீயும் வந்தது.

"இதெல்லாம் ஒரு ஃபால்ட்டா மாஸ்டர்? பெருந்துறையில ஒரு மில்லு. நான் கேட்டுல பைக்கை நிறுத்துறேன், உள்ள ஸ்கிரீன் தானா வந்துருச்சு. என் ஹாரன் சத்தம் கேட்டா போதும்."

"இங்க ஹாரன் அடிக்க மறந்துட்டீங்களா சார்?" என்றாள் ஆபரேட்டர் சம்பூரணம்.

அது அவர் காதில் விழவில்லை. விழுந்தாலும் நிற்காது. "ஒரு சோடா கம்பெனி. என் மச்சினன் கல்யாணத்துல தாலி கட்டுற நேரம் போன் வருது. போனை பி.எல்.சி. பக்கத்துல வைங்கன்னு சொல்லிட்டு, ஸ்கிரீன் என்ன அனுப்பணுமோ அதை அப்படியே விசிலடிச்சேன். மெஷின் ஓடிருச்சு. என்ன, முன்பல்லு ஒண்ணு அப்ப ஆடிட்டிருந்தது. ஒரே ஒரு எழுத்து தப்பாப் போச்சு. பாட்டிலுக்குப் போட வேண்டிய மூடியை மேனேஜர் தலையில போட்டுருச்சு."

"கழட்டினீங்களா?" என்றாள் சம்பூரணம்.

"எதுக்கு? நல்லா டைட்டா இருந்தது."

பொங்கியண்ணன் மெஷின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். "சார், லாட்டு போயிருமுங்க. கொஞ்சம் பாருங்க."

"பார்த்துட்டுத்தானே இருக்கேன்" என்றார் ஞானசிகாமணி, டீ டம்ளரைப் பார்த்தபடி. "கப்பல்ல ஒரு தடவை ஒயர் நீளம் பத்தல. இந்தக் கையில ஒரு முனை, அந்தக் கையில ஒரு முனை, நடுவுல நானே ஒயரா நின்னேன். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு வரைக்கும் கப்பல் என் உடம்பு வழியாத்தான் ஓடுச்சு. கேப்டன்தான் சோறு ஊட்டிவிட்டாரு. இன்னைக்கும் நான் தும்மினா கொழும்புல ஒரு கிரேன் மேல போயிட்டு வரும்."

"அப்ப இங்கயும் ஒரு தும்மல் போடுங்க சார். இந்த மோட்டாராச்சும் சுத்தட்டும்" என்றார் பொங்கியண்ணன்.

அவர் தும்முவதற்குள் லேப்டாப் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. ஸ்கிரீன் பச்சையாக விழித்துக்கொண்டது. பொங்கியண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பார்த்தீங்களா என் கைராசியை?" என்ற ஞானசிகாமணி, சார்ஜரை மாட்டி லேப்டாப்பை எழுப்பினார். ஸ்கிரீன் சிவந்தது. லேப்டாப்பைக் கழற்றினார், பச்சை. மறுபடி சொருகினார், சிவப்பு. பி.எல்.சி.க்கு இருக்கிற அதே முகவரி எண்ணைத் தன் லேப்டாப்புக்கும் கொடுத்து வைத்திருந்தார் மனிதர். ஒரே எண்ணில் இரண்டு பேர் பதில் சொன்னால் ஸ்கிரீன் யாரிடம்தான் பேசும்? வந்ததும் அந்த ஒயரை அமுக்கினபோதே வேலை முடிந்திருந்தது. அதன் பிறகு இருந்த ஒரே ஃபால்ட் அவர்தான்.

வேறு யாராக இருந்தாலும் முகம் கருத்திருக்கும். ஞானசிகாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது ஃபால்ட் இல்ல மாஸ்டர், மரியாதை. என் லேப்டாப் எத்தனையோ பி.எல்.சி.க்குக் குரு. அது இருக்குற இடத்துல மத்தது எதுவும் வாயைத் திறக்காது."

பொங்கியண்ணன் லேப்டாப் ஒயரைப் பிடுங்கினார். சம்பூரணம் மோட்டாரைப் போட்டாள். துணி புரண்டு ஓடத் தொடங்கியது. அதைக் கண்ணாடி வழியே நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகுதான் பொங்கியண்ணன் லேப்டாப்பை மடக்கி அவர் மடியில் வைத்தார்.

"குருவைக் கூட்டிக்கிட்டு நீங்களும் கெளம்புங்க சார். நீங்க இருக்குற இடத்துல நாங்களும் வாயைத் திறக்க முடியலீங்க."