ஒரு மணி நேரம் உட்காருங்க சார்!

இன்ஜினியரிங் கல்லூரித் தாளாளர் அருணகிரி தலைமைப் பண்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மைக்குக்கே மூச்சு முட்டும். அன்றைக்குப் பேச்சின் நடுவே, முதலாண்டு மாணவர்கள் பத்துப் பேர் படிப்பை விட்டுப் போய்விட்டதாக யாரோ காதில் ஓத, மனிதர் கொதித்துப் போனார்.

"ஒரு மணி நேரம் உட்காரத் தெரியாத சோம்பேறிங்க!" என்றவர், கூட்டத்தில் இருந்த முதலாண்டு வகுப்புத் தலைவி செவ்வந்தியை எழுப்பினார். "ஏன் போனாங்கன்னு நீ சொல்லு. ஆனா என் ஆசிரியர்களைப் பத்தி ஒரு குறை வாயில வந்துச்சு, நீயும் மூட்டையைக் கட்டு!"

செவ்வந்தியும் போனவர்களும் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். இங்கே பாடமெல்லாம் இங்கிலீஷில் பறக்கும். பக்கத்து இருக்கைப் பூங்கோதை போன வாரம்தான் படிப்பை விட்டுவிட்டு அழுதுகொண்டே ஊருக்குப் பஸ் ஏறினாள். அவளைத் திரும்ப வரவைக்காமல் விடுவதில்லை என்றிருந்தாள் செவ்வந்தி.

"குறையே சொல்ல மாட்டேன் சார். நான் காட்டுற வகுப்புல ஒரு மணி நேரம் உட்காருங்க, போதும்."

"நாள் பூரா உட்கார்றேன், வா!"

வெளிநாட்டு வேலைக்காகச் சீனியர்கள் படிக்கும் ஜப்பானிய மொழி வகுப்பில் அவரை உட்காரவைத்தாள். ஆசிரியை ஜப்பானிய மொழியிலேயே பொழிந்து தள்ளினார். தாளாளர் முதலில் தலையாட்டினார், பிறகு நெளிந்தார். ஆசிரியை அவரிடமே ஒரு கேள்வி கேட்டார். வகுப்பே திரும்பிப் பார்த்ததும் வேர்த்து விறுவிறுத்து எழுந்துவிட்டார்.

"ஒரு எழவும் புரியலை! நடுவுல ரெண்டு வார்த்தை தமிழ்ல சொன்னா குறைஞ்சா போயிடும்?"

"குறையை நான் சொல்லலை சார், நீங்கதான் சொன்னீங்க," என்றாள் செவ்வந்தி. "நீங்க அரை மணி நேரம் உட்கார்ந்தீங்க. பூங்கோதை ஆறு மாசம் உட்கார்ந்திருந்தா."