கூவைக்குளம் சரணடைந்த கதை

இந்தக் கதையைச் சொல்லச் சொன்னால் வெள்ளத்தாய் தயங்குவாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லி ஊரை மறுபடியும் வம்பில் மாட்டிவிடுவோமோ என்று பயம். அதனால் அவள் பயந்து பயந்து சொன்ன வரிசையிலேயே இங்கே வருகிறது. தப்பிருந்தால் அது தன்னுடையது இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடச் சொன்னாள்.

ஊர் ஊராகப் போய் நல்ல படம் காட்டுகிற கண்ணாடிக்கார சார் ஒருவர், ஒரு சாயங்காலம் கூவைக்குளத்துக்கு வந்து, பள்ளிக்கூடச் சுவரில் துணி கட்டிப் படம் போட்டார். படத்தில் வேற்றுக்கிரகத்து ஆட்கள் விளக்கு மின்னும் வண்டியில் வந்து இறங்கினார்கள். மனுஷ ரூபம் எடுத்து வீடு வீடாகக் குடியேறினார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க ஒரே அடையாளம், அவர்கள் சாப்பிடவே மாட்டார்கள்; மாட்டிக்கொண்டால் சாப்பிடுவது போல நடிப்பார்கள். எதிர்த்த ஊரெல்லாம் சாம்பலானது. வெள்ளைத் துணி காட்டிய ஊர் பிழைத்தது.

படம் முடிந்ததும் சார் சொன்னார்: "பறக்கும் தட்டை விடுங்க. வெளியேயிருந்து வந்தது யாரு, உள்ளே இருக்கறது யாரு, அதுதான் படம். அவங்கவங்க வீட்டுல உக்காந்து யோசிங்க."

மறுநாள் ஆண்கள் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. அவரவர் வீட்டில் உட்கார்ந்து யோசித்தார்கள். வாசல்படி இறங்கினால் யோசனை செல்லாது என்பதால் ஜன்னல் வழியாகக் கத்தித்தான் விவாதம் நடந்தது.

"அது குளத்தைப் பத்தின படம்லே!" என்றார் ஊர்த்தலைவர் மூக்கையா. "வந்த வண்டி மேற்கே இருந்துல்லா வந்தது? மேலூர்க்காரன் நம்ம மடையைத் திறக்கப் போறான்னு மறைச்சுச் சொல்லுது."

"இல்ல அண்ணாச்சி, அது கரண்டு பில்லைப் பத்தின படம்," என்று எதிர்வீட்டுக் கருத்தப்பாண்டி கத்தினான். "அந்த வண்டியில எத்தனை லைட்டு! பகல்லயும் எரியுது. அப்படி எரிச்சா உலகம் அழியாம என்ன செய்யும்?"

வெள்ளத்தாயின் புருஷன் சங்கிலி மட்டும் கட்டிலில் கிடந்தான். வெயில் ஏறிய பிறகு மெதுவாக எழுந்து ஜன்னலுக்கு வந்தான்.

"அண்ணாச்சி, நம்ம ஊருக்கு வெளியேயிருந்து வந்தது யாரு?"

"பால் வண்டிக்காரன்."

"அவன் திரும்பிப் போயிருதான். வந்துட்டுப் போகாம இருக்கறது?"

ஜன்னலுக்கு ஜன்னல் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள்.

"நம்ம பொண்டாட்டிமாரு," என்றான் சங்கிலி. "இவ வந்த அன்னைக்கு நினைச்சுப் பாருங்க. வேன் பூரா சீரியல் லைட்டு. காது கிழியுற சத்தம். பெரிய பெரிய பெட்டியோட இறங்குனா. நாம எதிர்த்தோமா? ஆரத்தில்லா எடுத்தோம்! ஒரு வாரத்துல பீரோ சாவி அவ இடுப்புல."

"அடப்பாவி," என்றார் மூக்கையா. "எங்க வீட்டுலயும் அப்படித்தாம்லே நடந்தது."

"அது மட்டுமில்ல. அவுக சாப்பிட்டு நீங்க பாத்திருக்கீகளா?"

ஊரே யோசித்தது. யாரும் பார்த்ததில்லை. "நான் சாப்பிட்டதும் படுத்துருவேன்," என்றான் கருத்தப்பாண்டி அழாத குறையாக. "அதுக்கப்புறம் என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்த வெள்ளத்தாய் இதைக் கேட்டதும் புளியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். வீட்டை விட்டு அனுப்பிவிட்டால் எங்கே போவது? அம்மா வீட்டில் இப்போது தம்பி பொண்டாட்டி ராஜ்யம். அவசரமாக ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, சங்கிலிக்கு எதிரில் உட்கார்ந்து கவளம் கவளமாக விழுங்கினாள்.

சங்கிலி ஜன்னலுக்குத் திரும்பினான். "அண்ணாச்சி! மாட்டிக்கிட்டதும் சாப்பிடுற மாதிரி நடிக்கா! படத்துலயும் இப்படித்தானே வந்தது!"

அப்போதுதான் வெள்ளத்தாய்க்கே சந்தேகம் வந்தது. தினமும் தான் எப்போது சாப்பிடுகிறோம் என்று யோசித்துப் பார்த்தாள். உப்புப் பார்க்கக் கரண்டியில் நக்கியது ஞாபகம் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

கருத்தப்பாண்டி பொண்டாட்டி மாரியக்கா கொல்லைப்புறமாக ஓடி வந்தாள். "மதினி, பேசாம ஆமான்னு ஒத்துக்கிடுங்க. நாம மேலேயிருந்து வந்தவுகன்னா அடிக்க மாட்டாக. வீடாவது மிஞ்சும்."

அதற்குள் மூக்கையா யோசனை முடிந்ததாக அறிவித்துவிட்டார். ஆண்கள் கம்பு நுனியில் வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். முதலில் கண்டுபிடிக்கப்பட்டவள் என்பதால் வெள்ளத்தாயிடம்தான் சரணடைந்தார்கள்.

"தாயே, ஊரை எடுத்துக்கிடுங்க," என்றார் மூக்கையா. "குளத்தை மட்டும் விட்டுருங்க."

ஏதாவது தப்பாகப் பேசிவிடுவோமோ என்று வெள்ளத்தாய்க்குப் பயம். வழக்கமாக வருகிற பேச்சுதான் வந்தது. "கையைக் கழுவிட்டு உக்காருங்க. குழம்பு ஆறுது."

முதல் உத்தரவு! எல்லோரும் கை கழுவினார்கள். உட்கார்ந்தார்கள். பயபக்தியோடு சாப்பிட்டார்கள். முடித்துவிட்டு, அடுத்த உத்தரவுக்காகத் தட்டோடு நின்றார்கள்.

"தட்டைக் கழுவி வச்சிட்டுப் போங்க," என்றாள். அன்றிலிருந்து கூவைக்குளத்தில் ஆண்கள்தான் தட்டுக் கழுவுகிறார்கள். தோற்ற ஊர் வேறென்ன செய்யும்?

இத்தோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் தட்டைக் கழுவிக்கொண்டே சங்கிலி ஒருநாள் கேட்டான்: "ஏட்டி, உங்க ஆளுக மேலேயிருந்து வந்து, 'இத்தனை வருஷமா எங்களை மறந்துட்டியே'ன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

வெள்ளத்தாய் அதையும் நம்பிவிட்டாள். கோபித்துக்கொள்வார்களே என்று அன்று மொட்டை மாடியில் ஒரு தட்டுச் சோறு வைத்தாள். காலையில் போய்ப் பார்த்தால் தட்டு காலி. ஓரத்தில் ஒரு காக்கை உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. தன் ஆட்கள் சாப்பிடவே மாட்டார்களே! அப்படியானால் வந்துவிட்டுப் போனது வேறு யாரோ!

பாதுகாப்புக்காக அவள் கடைசியில் ஒன்று செய்தாள். சங்கிலி சரணடைந்த அதே வேட்டியை எடுத்து மொட்டை மாடியில் கட்டி, தானும் சரணடைந்துவிட்டாள். யாரிடம் என்று கேட்டதற்கு, "முதல்ல வர்றவுக எடுத்துக்கிடட்டும்" என்றாள்.

சங்கிலியிடம் இருந்தது அந்த ஒரு வேட்டிதான்; சரணடைந்த அன்றைக்கும் போர்வையோடுதான் வந்திருந்தான். வேற்றுக்கிரகத்து ஆட்கள் வந்து அவிழ்த்துக் கொடுக்கட்டும் என்று அவன் போர்வையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே காத்திருக்கிறான்.