நப்பின்னை வாங்கிய யானை

ஒரு காலத்தில் மேழிநாட்டை வேங்கைமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் காலையில் ஒரு மனசு, சாயங்காலம் ஒரு மனசு.

மேழிநாட்டுக்கும் அக்கரையில் இருந்த தாழைநாட்டுக்கும் நடுவே ஒரு ஆறு. ஒரு வருஷம் அதில் வெள்ளம் வந்தபோது, தாழைநாட்டுக் கோயில் யானை ஒன்று நீந்தி இந்தக் கரையில் ஏறிவிட்டது. ராஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆற்றம்மா எனக்கு அனுப்பிய பரிசு" என்று நெற்றிப்பட்டம் கட்டி வைத்துக்கொண்டான்.

தாழைநாட்டுத் தூதன் வந்து யானையைக் கேட்டான். ராஜா கொடுத்துவிடத்தான் நினைத்தான். பக்கத்தில் இருந்த மந்திரி சேனாதிராயர் காதைக் கடித்தார். ராஜாவுக்குத் தன்னைத் தவிர வேறு யாரும் யோசனை சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

"அரசே, அவன் கேட்ட தோரணையைப் பார்த்தீர்களா? இன்று யானையைக் கொடுத்தால் நாளை அரண்மனையைக் கேட்பான்."

அவ்வளவுதான். தூதன் வெறுங்கையோடு போனான், ஓடம் நின்றது. இரண்டு கரையிலும் வேல்பிடித்த ஆட்கள் வந்து நின்றார்கள்.

அந்தச் சமயம் நப்பின்னை என்ற பெண் மேழிநாட்டில் மாட்டிக்கொண்டாள். இந்த நாட்டுப் பெண்தான். ஆனால் இரண்டு வருஷமாக அக்கரையில் ஒரு வைத்தியரிடம் படித்துவந்தாள். திருவிழாவுக்கு வீட்டுக்கு வந்தவளால் திரும்பிப் போக முடியவில்லை. கடைசி வருஷப் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் என்று ஒரு சுருக்குப்பை நிறையக் காசு சேர்த்து வைத்திருந்தாள். ஊராருக்கு ஏடு எழுதிக் கொடுத்ததும், மருந்துக்கடையில் சுக்கு இடித்ததும், ஆசைப்பட்ட வளையலை வாங்காமல் வந்ததும் எல்லாம் அந்தப் பைக்குள் இருந்தன.

ஒருநாள் துறையில் நின்று அக்கரையைப் பார்த்தாள். வேலோடு நின்றவர்களில் ஒருவன் மாடன். அவளுக்கு அங்கே சோறு போடும் சடைச்சியக்காவின் மகன். ஊருக்குக் கிளம்பிய அன்று அவளுடைய மூட்டையைத் தூக்கிவந்து ஓடத்தில் ஏற்றியவன். இந்தக் கரையில் வேலோடு நின்றவன் அவளுடைய சித்தப்பா மகன். சண்டை மூண்டால் இந்தக் காசை எங்கே கொண்டுபோய் எதைப் படிப்பது என்று நினைத்தாள்.

இதற்குள் ராஜாவுக்கு மனசு மாறிவிட்டது. யானை தின்று தீர்த்தது. உழ வேண்டியவர்கள் ஆற்றங்கரையில் காவல் நின்றார்கள். ஆனால் கௌரவம் விடவில்லை. "யானை அக்கரைக்குப் போக வேண்டும். ஆனால் நான் கொடுத்ததாகவும் இருக்கக்கூடாது, அவர்கள் பறித்ததாகவும் இருக்கக்கூடாது. வழி சொல்பவருக்குப் பரிசு" என்று பறையறைவித்தான்.

நப்பின்னை சபைக்கு வந்து பையை ராஜாவின் முன்னால் வைத்தாள்.

"அரசே, யானையைக் கொடுக்க வேண்டாம். விற்றுவிடுங்கள்."

"பகை நாட்டுக்கா?"

"எனக்கு. நான் உங்கள் குடிதானே."

சபை சிரித்தது. சேனாதிராயர் எழுந்தார். "ஆயிரம் பொன் பெறும் யானை. இவள் சில்லறையைக் கொண்டுவந்திருக்கிறாள்."

"ஐயா சொல்வது சரி" என்றாள் நப்பின்னை. "இவ்வளவு அருமையான யானையை விற்கக்கூடாது. அருமை தெரிந்தவர் ஐயா. அவருக்கே பரிசாகக் கொடுத்துவிடுங்கள். அவர் வீட்டு வாசலில் கட்டி அவரே தீனி போடட்டும்."

ராஜா தொடையைத் தட்டினான். "நல்ல யோசனை. சேனாதிராயரே, இன்றே ஓட்டிக்கொண்டு போங்கள்."

சேனாதிராயருக்குத் தன் தென்னந்தோப்பும் கரும்புக் கொல்லையும் கண்முன் வந்து நின்றன. தொண்டையைச் செருமினார்.

"அரசே... யோசித்துப் பார்த்தால் சில்லறையும் காசுதான்."

"இப்போது ஆயிரம் பொன் எங்கே போயிற்று?" என்று ராஜா கேட்டான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ராஜா பையை எடுத்துக்கொண்டான். "விற்றாயிற்று. யானையை என்ன செய்வாய் அம்மா?"

"அக்கரையில் இருக்கும் என் ஆசிரியருக்குக் குருதட்சிணை. மாணவி தட்சிணை கொடுப்பதை எந்த ராஜா தடுப்பார்? நீங்களும் கொடுக்கவில்லை, அவர்களும் பறிக்கவில்லை."

ராஜா பையைக் கையில் தூக்கிப் பார்த்தான். பிறகு, "சேர்த்ததை எல்லாம் விட்டுவிட்டாயே. உனக்கு என்ன வந்தது?" என்றான்.

"வலிக்கத்தான் செய்கிறது, அரசே. ஒவ்வொரு காசும் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு வருஷம் அந்த ஊர்ச் சோற்றைத் தின்றிருக்கிறேன். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். எந்த நாட்டுப் பெண் என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் மேல் வேல் பாயக்கூடாது."

"படித்துவிட்டு வா. அரண்மனை வைத்தியம் இனி உன் பொறுப்பு" என்றான் ராஜா. "சேனாதிராயரே, யானைக்கு வழித்தீனி உங்கள் கொல்லையிலிருந்து. நீங்களே சுமந்துகொண்டு கூடப் போங்கள்."

ஓடம் விட்டார்கள். யானை நீந்த, நப்பின்னையும் கரும்புக்கட்டோடு சேனாதிராயரும் ஓடத்தில் போனார்கள். அக்கரையில் வைத்தியர் தன் சின்ன வீட்டையும் யானையையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, எனக்கு ஆட்டைக் கட்டவே இடமில்லை" என்று கும்பிட்டுவிட்டு, அதைக் கோயிலுக்கே அனுப்பிவைத்தார். தாழைநாட்டு ராஜா, "எங்களுக்கு இனி வழக்கில்லை" என்று ஓலை அனுப்பினார். இரண்டு கரையிலும் வேல்கள் வீட்டுப் பரணுக்குப் போயின.

நப்பின்னை நேரே சடைச்சியக்கா வீட்டுக்குப் போனாள். மாடன் அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"அக்கா, இந்த வருஷம் சாப்பாட்டுக்குக் காசு இல்லை. ஏடு எழுதிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடுகிறேன்" என்றாள்.

சடைச்சியக்கா கையிலிருந்த கரண்டியோடு வெளியே வந்தாள். மகனை ஒருதரம் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

"யானை வாங்குற பிள்ளைகிட்டப் போய்ச் சோத்துக்குக் காசு வாங்கினா ஊரு சிரிக்குமடி. கையைக் கழுவிட்டு உட்காரு."

இலை போட்டுச் சூடாகச் சோறு வைத்தாள். நப்பின்னை கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள்.