துண்டுக்குள் ஒரு விரல்

மாட்டுச் சந்தையில் விலை பேசுவது யார் காதிலும் விழாது. கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். அதில் தரகன் ராக்கியப்பனை மடக்க ஆள் கிடையாது. சாராயம் ஒன்றுதான் மடக்கியது.

ஆஸ்பத்திரியில் படுத்துக் குணமாகி வந்தவன், சந்தையிலேயே மறுபடி குடித்து விழுந்தான். இந்த முறை டாக்டர், "இனித் தொட்டால் ஈரல் தாங்காது" என்று சொல்லி அனுப்பினார். நேரே தவமணித் தாயின் மடத்துக்கு வந்தான். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் இடம் அது. தாய் அவனைவிட வயதில் சின்னவர்.

"தாயி, நடுக்கத்தை மாத்திரை நிறுத்திருச்சுங்க. நாளைக்குச் சந்தை. வியாபாரம் முடிஞ்சா கிளாஸை நீட்டுவானுங்க. ஒண்ணோட நிறுத்திக்கலாமில்லீங்க?"

தாய் அவன் தோள்துண்டை உருவித் தன் கைமேல் போட்டார்.

"நான்தான் சாராயம். பேசுங்கண்ணா."

சிரித்துக்கொண்டே உள்ளே கைவிட்டு, ஒரு கிளாஸ் என்று ஒரு விரலைப் பிடித்தான்.

"சரி" என்றார் தாய்.

"என்ன தாயி, எடுத்த எடுப்பிலேயே சரிங்கறீங்க?"

பாதி விரலைப் பிடித்தான்.

"அதுக்கும் சரி."

நகத்தை மட்டும் தொட்டான்.

"அதுக்கும் சரி."

ராக்கியப்பனுக்குச் சுருக்கென்றது. "இது ஏமாத்துங்க! விலையே வேணாங்கறவன் வேற எதையோ பிடிச்சிட்டான்னு அர்த்தம்!"

"எதைப் பிடிச்சேன்?"

துண்டை விலக்கிப் பார்த்தான். அவன் மணிக்கட்டு தாயின் பிடியில் இருந்தது.

மறுநாள் அருமையான காளை ஜோடி ஒன்றைப் பேசி முடித்தான். வாங்கியவன் கிளாஸை நீட்டினான்.

"ஒரே ஒரு வாய், மாமா! பிகு பண்ணாதீங்க."

"புதுப்பொண்ணு வெக்கப்படுதுடா!" என்று கூட்டம் கெக்கலித்தது.

வாடை மூக்கில் ஏறியது. ராக்கியப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்தான். கைமேல் போடவில்லை. தலையில் இறுக்கிக் கட்டினான்.

"வியாபாரம் முடிஞ்சுது மாப்ளே. மாட்டை ஓட்டு!"

திரும்பிப் பார்க்காமல் நடந்தான். மடத்து வாசலிலிருந்தே கத்தினான்.

"தாயி! பேரமே பேசலீங்க!"

உள்ளே இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். ஒருவன் ஓடிவந்து அவனைத் தூக்கியே விட்டான்.

இறங்கியதும் ராக்கியப்பன் மூச்சு வாங்கக் கேட்டான்: "இனிமே சாராயம் என்கிட்ட பேரத்துக்கு வருமுங்களா?"

"வரும்ணா. சந்தைக்குச் சந்தை வரும்."

"வந்தா?"

தாய் அவன் தலையைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்தக் கட்டு உங்களுக்கு எடுப்பா இருக்குதுங்கண்ணா."